நடிகரே நாடகம் புரந்தார்

கூத்தும் நாடகமும் நலிந்தமைக்குச் சினிமாவையும் மக்களின் சுவைமாற்றத்தையும் காரணமாகக் காட்டுதல் வழக்கமாகிவிட்டது. வன்னியிலோ 2009இல் முடிவுற்ற போரும் அதன் இடப்பெயர்வுகளும் உடன்சேர்த்துக் கூறப்பெறுகின்றன. இவை மெய்யே. ஆயினும், ஆட வல்லார் வாழும் ஊரிலும் களரி வெறிதே கிடப்பதேன் என்பதற்கு இவை முழு விடையாகா. களரியைப் பொறுப்பேற்று நடத்துவார் யார் என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

தமிழகத்து டி. கே. எஸ். சகோதரர் வரலாறு இவ்விடத்து நினைக்கத்தக்கது. சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி என்னும் நால்வரும் நடிகர் கண்ணுசாமிப் பிள்ளையின் மக்கள். மூத்தோர் மூவரும் 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் ஆசிரியராய் விளங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையிற் சிறுவராய்ச் சேர்ந்தனர். சுவாமிகள் 1922இல் மறைந்தார். 1925இல் இக்குடும்பத்தார் பால சண்முகானந்த சபையைத் தாமே தொடங்கினர்.

பிறர் குழுவில் நடித்தவர் குழுவுக்கு உடையவராயினர். நடிப்பவனுக்கு வேடம் கலைந்ததும் வேலை முடிகிறது. உடையவனுக்கோ நடிகரின் உணவும், திரைச்சீலையும், அடுத்த ஊருக்கு வழிச்செலவும் எஞ்சிநிற்கின்றன. அச்சுமையை அவர்கள் தாங்கினர். 1935இல் ‘மேனகா’ படத்தில் நடித்த பின்னரும் மேடையைக் கைவிட்டாரல்லர். 1942இல் அரங்கேறிய ‘ஔவையார்’ நாடகத்தால் சண்முகம் ‘ஔவை சண்முகம்’ ஆனார். 1944இல் ஈரோட்டில் நாடகக் கலை மாநாடு கூட்டினர். என். எஸ். கிருஷ்ணன், எஸ். எஸ். இராசேந்திரன் முதலியோர் அவர்தம் குழுவில் வளர்ந்தனர். 1972இல் சண்முகம் ‘எனது நாடக வாழ்க்கை’ என்னும் நூலையும் தந்தார். அவர் எழுதி வைத்தமையாலன்றோ அக்காலத்து மேடையை நாம் இன்று அறிகின்றோம்!

பால சபைகளை அவ்வாறே மீட்க வேண்டுமென்பது நம் கருத்தன்று. பெற்றோரைப் பிரிந்து, பள்ளிப் படிப்பை இழந்து பாடம் பயின்ற சிறுவரின் துயரத்தின்மீது அவை நின்றன. அவை கடுமையாற் செய்ததை நம் பள்ளிகள் அன்பாற் செய்தல் கூடும்.

முல்லைத்தீவுப் பகுதிக்குக் கோவலன் கூத்து உரிமைச் செல்வம். அதனை ஆட்டுவிக்கும் அண்ணாவிமார் முதுமையெய்தி வருகின்றனர். நம் பள்ளிகளிலோ தமிழ்மொழித் தினப் போட்டிக்காக ஒரு துண்டினைப் பயிற்றுகின்றோம். பரிசு கிடைத்ததும் உடுப்பைப் பெட்டியில் வைத்துவிடுகின்றோம். போட்டி பிள்ளைகளுக்கு ஊக்கமளிக்கும், ஐயமில்லை. ஆனால், விடியவிடிய ஆடும் கூத்தின் கட்டுக்கோப்பு அத்துண்டினுள் அடங்காது. அண்ணாவியார் மறையும்போது எஞ்சிய பகுதி அவரோடு மறையும்.

ஆதலின், ஒவ்வொரு பள்ளியும் அயலிலுள்ள அண்ணாவியார் ஒருவரை உரிய வேதனத்தோடு அழைத்து, ஒரு கூத்தை முதலிலிருந்து முடிவுவரை பயிலுதல் வேண்டும். பாடலை ஏட்டில் எழுதியும், மெட்டையும் மத்தள அடியையும் ஒலிப்பதிவு செய்தும் வைத்தல் வேண்டும். ஆண்டுக்கொருமுறை ஊர்க்களரியில் முழுக்கூத்தும் ஆடப்பெறல் வேண்டும். வரவுசெலவை ஆடியோரே எழுதிப் பழகட்டும். இன்று ஆடும் மாணவர் நாளை கூத்தை நடத்துவோராதல் அவ்வாறே கைகூடும்.