பற்றரி வாள் நின்றுவிட்டால் அடுத்தது என்ன?

மீள்குடியேறிய காணியில் பற்றை வெட்டிக் கப்பு நாட்டி, மாரிக்கு முன் கூரை போட்டாக வேண்டும். கூலிக்கு ஆள் பிடிக்கக் கையில் காசில்லை. இந்த நிலையில் பற்றரியில் ஓடும் வாள் பேருதவியாக வந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் எமது குழுவுக்குக் கிடைத்த வாள் இரண்டாவது மாரிக்கு முன்னரே நின்றுவிட்டது. கைமரங்கள் பாதி அறுத்தபடி கிடந்தன. இன்னொன்று வாங்குவோமா? அவசரப்பட வேண்டாம் என்பதே எமது கருத்து.

முதலில் பழுது எதில் என்று பார்க்க வேண்டும். பலவேளை மோட்டர் நன்றாகவே இருக்கும்; கெட்டது பற்றரிதான். 18 வோல்ற் பற்றரிக்குள் லிதியம் கலங்கள் 5 படியாகத் தொடுக்கப்பட்டுள்ளன. ஒரு படி சோர்ந்தாலும் முழுப் பற்றரியும் நின்றுவிடும். அதே வகைப் பற்றரியை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தால் உண்மை தெரியும்.

எமது பாவனையிலும் பிழை உண்டு. தகரக் கொட்டிலின் வெக்கையில் வைப்பது, முற்றாக இறங்கிய பற்றரியை மாதக்கணக்கில் போட்டுவிடுவது, சூடு ஆறமுன் சார்ஜ் போடுவது ஆகிய மூன்றும் அதன் ஆயுளைக் குறைக்கும். பாவிக்காத காலத்தில் பாதியளவு ஏற்றி நிழலில் வைக்க வேண்டும். வைரம் பாய்ந்த பனையை மழுங்கிய அலகால் அறுத்தால் மோட்டரும் பற்றரியும் சேர்ந்தே சூடேறும்.

புதிதாக வாங்குவதானால் 20 வோல்ற் என்ற எழுத்தைக் கண்டு மயங்க வேண்டாம். அதுவும் பெரும்பாலும் அதே 5 படிதான். முழுதாக ஏற்றியபோது அளந்த எண் அது. ஒரு கம்பனியின் பற்றரி மற்றதற்குப் பொதுவாகப் பொருந்தாது. ஆகவே ஊரில் ஏற்கெனவே உள்ள பற்றரிக்குப் பொருந்துவதையும், கிட்டிய பட்டினத்தில் திருத்தக்கூடியதையும் வாங்குவதே புத்தி. காணிக்கு மின்சாரம் வந்துவிட்டதென்றால் வயர் பூட்டிய வாளே நெடுங்காலம் உழைக்கும்.

குழுவுக்கு ஒரு மின்வாள் போதும். வீட்டுக்கு வீடு ஒரு கைவாளும் முக்கோண அரமும் இருக்கட்டும். கைவாள் வாங்கும்போது பல்லைப் பாருங்கள்: நுனி கறுத்திருந்தால் அது கடினமாக்கப்பட்டது, அரத்தால் தீட்ட முடியாது.

உதவி வழங்குவோருக்கும், எமது திருச்சபைக்குந்தான், ஒன்று சொல்வோம். படம் எடுத்துக் கையளித்த வாள் அடுத்த வருடம் மூலையில் கிடந்தால் அது உதவியல்ல. வாளோடு இரண்டாவது பற்றரியும், மாற்று அலகும், திருத்தும் இடமும் சேர்ந்து வரவேண்டும்.

1990களின் பொருளாதாரத் தடையில் வடக்கிற்குப் பற்றரியே வரவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட மக்கள் நாம். புதிய கருவிக்கு நாம் எதிரிகளல்லர். கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கும் மனிதனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை மட்டும் நினைவில் வைப்போம். வாங்கும் விலை ஒரு கணக்கு. வைத்துப் பாவிக்கும் செலவு இன்னொரு கணக்கு. இரண்டையும் பார்த்தபின் காசை எடுப்போம்.