கைகொடுத்த கப்பல்

யுத்தக் கப்பலின் சரித்திரம் என்றால், அது எத்தனை எதிரிக் கப்பல்களை முழுகடித்தது என்றுதான் சாதாரணமாகக் கணக்குச் சொல்வார்கள். இந்த வாரம் நாம் பார்க்கப் போகும் கப்பலுக்கு அந்தக் கணக்கு மிகச் சிறியது. கடலில் தத்தளித்தவர்களைத் தூக்கிக் காப்பாற்றிய கணக்குத்தான் பெரியது. மூன்று தடவை அது அப்படிக் கைகொடுத்தது. நான்காம் தடவை நீரில் விழுந்து தவித்தவர்கள் அதன் சொந்த மாலுமிகளே.

அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த அந்தக் கப்பலின் பெயர் ஹாப்ஸன். ரிச்மண்ட் ஹாப்ஸன் என்ற கடற்படை அதிகாரியின் ஞாபகார்த்தமாக வைத்த பெயர் அது. 1898-ல் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் சண்டை நடந்தபோது, அவர் ஏழு தொண்டர்களுடன் ஒரு நிலக்கரிக் கப்பலை ஓட்டிப் போய், கியூபாவில் ஸாண்டியாகோ துறைமுகத்தின் வாயிலில் முழுகடித்து வழியை அடைக்கப் பார்த்தார். கப்பல் முழுகியது, வழி அடைபடவில்லை! எதிரிகளிடம் கைதியாகி, விடுதலையாகி ஊர் திரும்பியவரை ஜனங்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். கூட்டங்களில் பெண்கள் அவரை முத்தமிட்டு வரவேற்றதைப் பத்திரிகைகள் கேலியும் கிண்டலுமாக எழுதின.

அவர் 1937-ல் காலமானார். 1941 செப்டம்பர் 8-ந் தேதி, தென் கரோலினா ராஜ்யத்திலுள்ள சார்ல்ஸ்டன் கப்பல் துறையில், அவருடைய மனைவி கிரிஸெல்டா அம்மையார்தான் அந்தப் புதுக் கப்பலைத் தண்ணீரில் இறக்கிவைத்தார்.

'நாசகாரி' என்ற ஜாதிக் கப்பல் அது. பெயர்தான் பயங்கரம். 348 அடி நீளமுள்ள அந்தக் கப்பல், கடற்படைக் குடும்பத்தில் சின்னப் பிள்ளை மாதிரி. பெரிய கப்பல்களைச் சுற்றிச் சுற்றி ஓடிக் காவல் காப்பது அதன் வேலை. 1942 நவம்பரில் வட ஆப்பிரிக்காவில் நேச நாட்டுப் படைகள் இறங்கியபோது, ஹாப்ஸன் 'ரேஞ்சர்' என்ற விமானந்தாங்கிக் கப்பலுக்குக் காவலாகப் போயிற்று. 1943 மார்ச்சில் பெர்முடா தீவுக்கு அருகே 'செயின்ட் மார்கரெட்' என்ற கப்பலை இழந்து கடலில் தவித்த 45 பேரைத் தூக்கிக் காப்பாற்றியது. இதுதான் முதல் கைகொடுப்பு. 1944 மார்ச்சில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியை மற்றக் கப்பல்களோடும் விமானங்களோடும் சேர்ந்து தீர்த்துக் கட்டியது.

பிறகு வந்தது 1944 ஜூன் 6. பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய தினம். அன்று ஹாப்ஸனுக்குப் பக்கத்தில் 'கோரி' என்ற நாசகாரியும் நின்று கரையிலிருந்த பீரங்கிகளைச் சுட்டுக்கொண்டிருந்தது. கோரி வேறு யாரோ அல்ல. அதே சார்ல்ஸ்டனில், அதே 1941-ல், ஆறு வாரங்கள் முன்னால் தண்ணீரில் இறங்கிய மூத்த சகோதரி. அந்தச் சகோதரி ஹாப்ஸனின் கண்ணெதிரிலேயே நடுவில் முறிந்து முழுகிற்று. கரையிலிருந்து குண்டுகள் வந்து விழுந்துகொண்டேயிருந்தன. ஹாப்ஸன் விலகி ஓடவில்லை. மற்றக் கப்பல்களுடன் சேர்ந்து, ஒரு பக்கம் பீரங்கிக்குப் பதில் கொடுத்துக்கொண்டே, மறுபக்கம் குளிர்ந்த நீரில் விறைத்துப் போயிருந்தவர்களைத் தூக்கிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் நவம்பரில் ஹாப்ஸன் பிறந்த வீட்டுக்குத் திரும்பியது. அங்கே அதற்கு வேஷம் மாறியது. பின்பக்கத்துப் பீரங்கியையும் டார்பிடோக் குழாய்களையும் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கம்பி வடங்களும், மிதவைகளும், வடம் சுற்றும் இயந்திரங்களும் வந்து உட்கார்ந்தன. நாசகாரி, கடல் கண்ணிகளை வாரும் கப்பல் ஆகிவிட்டது. இதே ரகத்தில் 24 கப்பல்களை அமெரிக்கக் கடற்படை இப்படி மாற்றியது.

கண்ணி வாருவது எப்படி என்று கேட்பீர்கள். கடல் கண்ணி என்பது வெடிமருந்து அடைத்த ஓர் இரும்பு உருண்டை. கடலடியில் கிடக்கும் பாரத்தோடு அதை வடத்தால் கட்டியிருப்பார்கள். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, கண்ணில் படாமல் நின்றுகொண்டிருக்கும். கப்பல் மோதினால் வெடிக்கும். கண்ணி வாரும் கப்பல், பின்னால் நீளமான கம்பி வடத்தை நீருக்குள் இழுத்துக்கொண்டே போகும். பக்கவாட்டில் விரிந்து செல்லும் அந்த வடத்தில் வெட்டும் கருவிகள் பொருத்தியிருக்கும். கண்ணியைக் கட்டியுள்ள வடம் அதில் மாட்டினால் அறுந்துபோகும். கண்ணி மேலே மிதந்து வரும். பிறகு தூரத்திலிருந்து சுட்டு வெடிக்கச் செய்வார்கள். கப்பலின் காந்த சக்தியால் வெடிக்கிற கண்ணிகளும் உண்டு. அவற்றுக்கு மின்சாரம் பாயும் வடங்களை இழுத்துப் போக வேண்டும்.

சொல்லும்போது வீடு பெருக்குகிற மாதிரி எளிதாக இருக்கிறது. ஆனால், பின்னால் வரும் நூற்றுக்கணக்கான கப்பல்களுக்கு வழி சுத்தமாக வேண்டுமானால், சுத்தமாகாத வழியில் யாராவது முதலில் போயாக வேண்டும் அல்லவா? 1945 மார்ச்சில் ஜப்பானைச் சேர்ந்த ஓகினாவா தீவுக்கு அருகே ஹாப்ஸன் அப்படித்தான் முதலில் போயிற்று. அதே கடலில் அதே வேலையிலிருந்த 'ஸ்கைலார்க்' என்ற கப்பல் மார்ச் 28-ல் கண்ணியில் சிக்கி முழுகிப் போயிற்று.

ஏப்ரல் 16-ந் தேதி ஹாப்ஸன் வேறொரு வேலையில் இருந்தது. எதிரி விமானங்கள் வருவதை ராடாரில் பார்த்து முன்கூட்டியே சொல்லும் காவல் வேலை. கூடவே 'பிரிங்கிள்' என்ற நாசகாரி. ஜப்பானியத் தற்கொலை விமானம் ஒன்று பிரிங்கிள் மேல் விழுந்தது. சில நிமிஷங்களில் அது இரண்டாகி முழுகியது. ஹாப்ஸனும் தாக்கப்பட்டுத் தீப்பற்றிற்று. அதன் மாலுமிகளிலும் சிலர் மாண்டார்கள். தன் தீயை அணைத்துக்கொண்டே, பிரிங்கிள் கப்பலைச் சேர்ந்த நூறு பேருக்கு மேல் அது நீரிலிருந்து தூக்கியது. இது மூன்றாம் கைகொடுப்பு.

யுத்தம் முடிந்தது. குண்டும் கண்ணியும் தற்கொலை விமானமும் தீர்க்க முடியாத கப்பலுக்கு இனி என்ன பயம் என்று அந்த மாலுமிகளின் வீட்டில் நினைத்திருக்க மாட்டார்களா?

1952 ஏப்ரல் 26. அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவே, இரவு பத்து மணிக்கு மேல். 'வாஸ்ப்' என்ற விமானந்தாங்கிக் கப்பலுக்கு ஹாப்ஸன் காவலாகப் போய்க்கொண்டிருந்தது. ஹாப்ஸனைப்போல் இரண்டரை மடங்கு நீளம் வாஸ்ப். விமானங்கள் வந்து இறங்க வேண்டுமானால் தாய்க் கப்பல் காற்றை எதிர்த்துத் திரும்பியாக வேண்டும். அது திரும்பும்போது காவல் கப்பலும் இடம் மாற வேண்டும். வேகத்தைக் குறைத்துப் பெரிய கப்பலுக்கு வழிவிட்டுப் பிறகு போகலாம். அல்லது அதன் முன்னால் குறுக்கே ஓடி அந்தப் பக்கம் போகலாம். ஹாப்ஸனின் தலைவர் பதவி ஏற்று ஐந்து வாரந்தான் ஆகியிருந்தது. அவர் குறுக்கே போகத் தீர்மானித்தார். பக்கத்திலிருந்த அதிகாரி ஆட்சேபித்தார். உத்தரவு மாறவில்லை.

வாஸ்ப் கப்பலின் முகப்பு ஹாப்ஸனை நடுவில் பிளந்தது. ஐந்து நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பலர் கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தலைவர் உள்பட 176 பேர் இறந்தார்கள். 61 பேர் பிழைத்தார்கள். அவர்களைத் தூக்கியவை வாஸ்ப் கப்பலும், ஹாப்ஸனைப் போலவே வேஷம் மாறிய ராட்மன் என்ற சகோதரிக் கப்பலுந்தான். முகப்பு நசுங்கிப் போன வாஸ்ப், வேறொரு கப்பலின் முகப்பைப் பொருத்திக்கொண்டு பத்தே நாளில் வேலைக்குத் தயாராகிவிட்டது. 176 வீடுகளுக்கு அப்படிப் பொருத்திக்கொள்ள என்ன இருந்தது?

விசாரணைக் குழு, தவறு ஹாப்ஸனின் தலைவருடையதே என்று முடிவு செய்தது. இறந்தவரைக் குற்றம் சொல்லலாமா என்று கேட்கத் தோன்றுகிறது. இதைப் பற்றி அந்த மே மாதம் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' ஒரு தலையங்கம் எழுதியது. பிறர் உயிருக்குப் பொறுப்பேற்றவன், அவன் எண்ணம் எவ்வளவு நல்லதானாலும், விளைவுக்குப் பதில் சொல்லியே தீர வேண்டும். இல்லாவிட்டால் யாரை நம்பி மற்றவர்கள் கப்பலேறுவார்கள் என்பது அதன் கருத்து. கடற்படை அதிகாரிகள் இன்னும் அதைப் படித்து விவாதிக்கிறார்கள். படித்தும் என்ன? 1964-ல் ஆஸ்திரேலியாவின் 'வாயேஜர்', 1969-ல் அமெரிக்காவின் 'இவான்ஸ்' என்று இரண்டு நாசகாரிகள் 'மெல்போர்ன்' என்ற ஒரே விமானந்தாங்கியின் குறுக்கே போய்ப் பிளவுபட்டன. முன்னதில் 82 பேர், பின்னதில் 74 பேர் மாண்டார்கள்.

சார்ல்ஸ்டன் நகரத்தின் கடலோரப் பூங்காவில் 1954-ல் ஹாப்ஸனுக்கு ஒரு கல் தூண் நட்டார்கள். இறந்தவர்கள் 38 ராஜ்யங்களைச் சேர்ந்தவர்கள். ஒவ்வொரு ராஜ்யத்திலிருந்தும் ஒரு கல் வரவழைத்துத் தூணைச் சுற்றிப் பதித்திருக்கிறார்கள். சமாதி எழுப்ப உடலும் கிடைக்காத தாய்மார்களுக்கும் மனைவிமார்களுக்கும், வந்து நின்று பெயரைத் தடவிப் பார்த்துப் போக அந்த ஓர் இடமாவது கிடைத்தது. ஹாப்ஸன் கைகொடுத்துக் கரை சேர்த்தவர்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. அவர்கள் வீடு திரும்பிப் பிள்ளை குட்டிகளோடு வாழப் போய்விட்டார்கள்.