ஸ்டிக்கர் பெயிண்ட் அல்ல!



மலர்க்குழுவினர் என்னிடம், "கவிதை வேண்டாம், காதல் வேண்டாம், உருப்படியா ஒண்ணு எழுதிக் குடு" என்று கேட்டார்கள். உருப்படியாக எனக்குத் தெரிந்தது வண்டி கழுவுவது. முதலாமாண்டில் இருந்து ஞாயிறுதோறும் நாமக்கல் பக்கம் ஒரு வாட்டர் சர்வீஸில் வேலை பார்க்கிறேன். ஆட்டோமொபைல் டிப்ளமோ படிக்கிறவன் வண்டி கழுவலாமா என்று கேட்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாராளமாகத் தள்ளிவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போகலாம். நான் கோபித்துக் கொள்ள மாட்டேன்.

ஒரு ஞாயிறு காலை ஏழு மணிக்கு முட்டை வண்டி ஒன்று வந்தது. குட்டி யானைதான். இரண்டு பக்கமும் புத்தம் புது ஸ்டிக்கர். பண்ணையின் பெயர், போன் நம்பர், கூடை நிறைய முட்டை, பக்கத்தில் ஒரு சேவல். வழக்கம்போல கன்னைப் பிடித்து அடித்தேன். கதவோரம் பட்டதுதான் தாமதம், வாழைப்பட்டை உரிவது போல சேவல் பாதி உரிந்து தொங்கியது! டிரைவர் அண்ணன் பதறிப்போய், "ஏந்தம்பி, நேத்து சாயங்காலந்தான் ஒட்டுனோம், இப்படிப் பண்ணிட்டியே" என்றார். பிறகு ஓனர் வந்தார். பேச்சு வளர்ந்தது. முடிவில் என் நாலு ஞாயிற்றுக்கிழமைக் கூலி அந்தச் சேவலுக்குப் போயிற்று.

யார் குற்றவாளி? அன்று நான் என்னைத்தான் நினைத்துக் கொண்டேன். அதன் பிறகுதான் ரேடியம் கடைகளில் விசாரித்தேன், ஸ்டிக்கர் கம்பெனிகளின் பராமரிப்புக் கையேடுகளைத் தேடிப் படித்தேன். ஒட்டிய உடனே பசை முழுப் பிடி பிடித்து விடாதாம். பெயிண்டின் மேல் மெல்ல மெல்லப் படர்ந்துதான் இறுகும். குறைந்தது 24 மணி நேரம் கழுவவே கூடாது. 2, 3 நாள் பொறுக்கச் சொல்பவர்களும் உண்டு. இதை ஒட்டியவர் டிரைவரிடம் சொல்லவில்லை. டிரைவர் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்று பேர் செய்த தவறுக்குக் கூலி பிடித்தது ஒருவனிடம்! இது நியாயமா நண்பர்களே?

நம் பக்கம் லாரி என்றாலே கையால் எழுதிய பெயிண்டிங்தான் என்று ஒரு காலம் இருந்தது. பனியன் வேஸ்ட்டை டீசலில் நனைத்து பாடி முழுக்க ஒரு துடை துடைத்தால் எனாமல் பெயிண்ட் மினுமினுக்கும். கிளீனர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்ற தொழில் ரகசியம் அது. பெயிண்டுக்கும் அது நல்லதல்ல, இருந்தாலும் ஏதோ தாங்கிக் கொண்டது. இன்று அதே கை, அதே பனியன் வேஸ்ட், அதே டீசல். கீழே இருப்பது மட்டும் ஸ்டிக்கர்.

ஸ்டிக்கர் என்பது பி.வி.சி. பிளாஸ்டிக். வீட்டுத் தண்ணீர்க் குழாயும் பி.வி.சி.தான். குழாய் விறைத்து நிற்கிறது, ஸ்டிக்கர் துணி போல மடங்குகிறதே, எப்படி? அதில் கலந்திருக்கும் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற பொருளால்தான். டீசலும் மண்ணெண்ணெயும் தின்னரும் அந்தப் பொருளை வெளியே இழுத்து விடும். ஓரத்தில் நுழைந்து பசையையும் ஊற வைத்து விடும். துடைத்த அன்று பளபளவென்று இருக்கும். நாளாக ஆக ஸ்டிக்கர் விறைத்து, வெடித்து, ஓரம் சுருண்டு நிற்கும். உடனே ஓனர் சொல்வது, "ஸ்டிக்கர் கடைக்காரன் ஏமாத்திட்டான்!"

சில சமயம் கடைக்காரரும் ஏமாற்றுவது உண்மைதான், மறைப்பானேன்? ஸ்டிக்கரில் இரண்டு ஜாதி. ஒன்று, சப்பாத்தி மாவு போல உருளைகளுக்கு நடுவே தேய்த்து எடுப்பது. தேய்த்த சப்பாத்தி கையை எடுத்ததும் கொஞ்சம் சுருங்குமே, அதுபோல இதுவும் வெயிலில் தன் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். இன்னொன்று, தோசை ஊற்றுவது போல ஊற்றிக் காய வைத்து எடுப்பது. இது மெல்லிசு, வளைவிலும் ரிவெட் மேலும் படிந்து நிற்கும், விலையும் கூடுதல். சமமான பலகைக்கு முதல் ஜாதி போதும். வளைந்த கதவில் அதை ஒட்டிவிட்டு இரண்டாவதற்கான காசை வாங்கினால் எந்த ஷாம்பு போட்டுக் கழுவினாலும் நிற்காது.

சரி, கழுவுகிற எங்கள் கையில் இருப்பது என்ன? முக்கியமாக கன். ஒரு பெரிய கம்பெனியின் கையேடு சொல்வது: பிரஷர் 2000 பி.எஸ்.ஐ.க்குக் கீழே, தண்ணீர் விசிறி போல 40 டிகிரிக்கு விரிய வேண்டும், நாஸில் ஒரு அடியாவது தள்ளி இருக்க வேண்டும், நேராக அடிக்க வேண்டும். இன்னும் குறைந்த பிரஷர் சொல்லும் கம்பெனிகளும் உண்டு. நாங்கள் செய்வது? ஊசித் தண்ணீராக வைத்து, அரை சாண் பக்கத்தில் போய், ஓரத்தில் சாய்த்து அடிக்கிறோம். அழுக்கு சீக்கிரம் போகிறது, ஸ்டிக்கரும் கூடவே போகிறது. சேவல் உரிந்தது இப்படித்தான். மற்றபடி பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முதலில் மண்ணைத் தண்ணீரால் இறக்கிவிட வேண்டும். மண்ணோடு துடைத்தால் உப்புத்தாள் போட்ட மாதிரிதான். பிறகு ஷாம்பு, மெத்தென்ற துணி. கம்பி நாரும் பாத்திரப் பவுடரும் கிட்டேயே வரக்கூடாது. துருவுக்கும் சிமெண்ட் கறைக்கும் அடிக்கிற ஆசிட்டும் அப்படியே. தார் ஒட்டியிருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து, கண்ணில் படாத மூலையில் தொட்டுப் பார்த்துவிட்டுத் துடைக்கலாம். டேங்க் மூடி ஓரம் டீசல் வழிந்தால் அப்போதே துடைத்துக் கழுவி விட வேண்டும்.

சேவல் போனால் போகட்டும், மறுபடி ஒட்டிக் கொள்ளலாம். எனக்கு நிஜமான பயம் லாரிகளில் ஒட்டும் ஒளிரும் பட்டையைப் பற்றித்தான். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள். ஊரே அதை ரேடியம் என்கிறது. ரேடியத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, மேரி கியூரி கேட்டால் சிரிப்பார். பின்னால் வருகிற வண்டியின் ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புவதுதான் அதன் வேலை. மேலே புகைக்கரி படிந்தால் வெளிச்சம் உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. கம்பி நார் போட்டுத் தேய்த்தாலோ மேல்பரப்பு மங்கிவிடும். கீறலிலும் ஓரத்திலும் தண்ணீர் இறங்கி அந்தந்த இடம் செத்துப் போகும். பகலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ராத்திரி டயர் வெடித்து ரோட்டோரம் லைட் இல்லாமல் நிற்கிற லாரியை, பின்னால் பைக்கில் வருகிறவனுக்குக் காட்டிக் கொடுப்பது இந்த இரண்டு அங்குலப் பட்டைதான். எஃப்.சி.க்கு முந்தின நாள் மட்டும் புதிதாக ஒட்டிக்கொண்டு, மற்ற நாளெல்லாம் அதன் மேல் டீசல் துணி போடுகிறோம். இதைப் பற்றி வகுப்பில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. கியர் விகிதம் கணக்குப் போடுகிறோம், நல்லதுதான். அதோடு ஒர்க்‌ஷாப் பீரியடில் ஒரு மணி நேரம் இதற்கும் ஒதுக்கினால் என்ன குறைந்து விடும்?

ரேடியம் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பில்லோடு ஒரு துண்டுச்சீட்டு கொடுங்கள். ஒட்டிய தேதி, எத்தனை நாள் கழித்துக் கழுவலாம், எதைத் தொடக்கூடாது. நாலு வரி போதும். டிரைவர் அதை எங்களிடம் நீட்டினால் எந்தப் பையனின் கூலியும் போகாது. சீட்டு அடிக்கக் காசில்லை என்றால், நம் மாணவர் சங்கமே அடித்துக் கொடுக்கட்டும். நான் எழுதித் தருகிறேன்.

இப்போதெல்லாம் வண்டி உள்ளே நுழைந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, ஸ்டிக்கர் எப்ப ஒட்டுனது?" சிலர் முறைப்பார்கள். சிலர் "கழுவத்தானே வந்தோம், கணக்கெடுக்கவா வந்தோம்" என்பார்கள். போன மாதம் அதே டிரைவர் அண்ணன் வேறொரு வண்டியோடு வந்தார். நான் வாய் திறப்பதற்குள் கதவைத் திறந்து இறங்கி, "ஒட்டி ஒம்பது நாளாச்சு தம்பி. தள்ளி நின்னு அடி" என்றார்.