எந்த மரக்காலால் அளப்பது?

2025 ஜூன் 3 அன்று அகமதாபாத்தில் நடந்த ஐபிஎல் இறுதிப்போட்டியில் ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூரு அணி பஞ்சாப் கிங்ஸ் அணியை 6 ஓட்டங்களில் வென்றது. பதினெட்டாவது பருவத்தில் கிடைத்த முதல் கோப்பை அது. பெங்களூரு எடுத்த 190 ஓட்டங்களில் விராட் கோலியின் பங்கு 43. அணியில் அவ்வளவு ஓட்டம் எடுத்தவர் வேறு எவருமில்லை. ஆனால் அதற்கு அவர் 35 பந்துகளைச் செலவிட்டார். அவர் ஆடிக்கொண்டிருந்தபோதே தொடங்கிய வாதம், கோப்பை கைக்கு வந்த பின்னும் அடங்கவில்லை. ஒரு தரப்புக்கு அவர் அணியைத் தாங்கிய தூண். மறுதரப்புக்கு அணியின் வேகத்தைக் குறைத்த சுமை. இரு தரப்பின் கையிலும் இருப்பவை ஒரே ஆட்டத்தின் ஒரே எண்கள்தாம்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல்லின் அளவு குறிக்கப்படும்போது, அது 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளக்கப்பட்டது என்ற குறிப்பும் உடன் வருகிறது. அளவை இன்னதென்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால், பின்னால் வருபவர் வேறொரு மரக்காலால் அளந்து வழக்கிடக் கூடும் என்பதை அந்தக் கணக்கர்கள் அறிந்திருந்தனர். கிரிக்கெட் வீரரின் மதிப்பைப் பற்றிய விவாதங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்த ஒரு குறிப்பே. மதிப்பு என்பது வீரருக்குள் உறைந்திருக்கும் பொருளன்று. அவர் அங்கே இருந்ததற்கும், அவர் இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால் நிகழக்கூடியதற்கும் இடையிலான வேறுபாடு அது. எந்த ஆட்டத்தில், எந்த நிலையில், எவரோடு ஒப்பிட்டு என்ற மூன்றும் சொல்லப்படாத எண், மரக்கால் பெயர் இல்லாத நெல்கணக்கைப் போன்றது.

மட்டையாளரை அளக்க நெடுங்காலமாக வழக்கில் உள்ளவை இரண்டு: சராசரி, ஸ்ட்ரைக் ரேட். முன்னது ஒரு விக்கெட்டை இழக்கும்முன் கிடைத்த ஓட்டத்தையும், பின்னது நூறு பந்துகளில் கிடைத்த ஓட்டத்தையும் சொல்கின்றன. இவ்விரண்டும் தனித்தனியே நிற்பதால்தான் சிக்கல். மழையால் குறைந்த ஆட்டங்களின் இலக்கைத் திருத்துவதற்காக 1997இல் நடைமுறைக்கு வந்த டக்வொர்த்-லூயிஸ் முறையின் அடிப்படைக் கருத்து இங்கே கைகொடுக்கும். ஓர் அணியிடம் இரண்டு வளங்கள் உள்ளன. ஒன்று எஞ்சியிருக்கும் பந்துகள், மற்றது எஞ்சியிருக்கும் விக்கெட்டுகள். ஆட்டம் என்பது இவ்விரு வளங்களையும் ஓட்டங்களாக மாற்றும் முயற்சி. எந்த வளம் அரிதோ, அதை வீணாக்காதவரின் மதிப்பு உயர்கிறது.

இதற்குப் பெங்களூருவிலேயே வளர்ந்த ஒருவரைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. ராகுல் திராவிட் 164 டெஸ்ட் ஆட்டங்களில் 13,288 ஓட்டங்கள் எடுத்தார். அவற்றுக்காக அவர் சந்தித்த பந்துகள் 31,258. டெஸ்ட் வரலாற்றில் வேறெவரும் இத்தனை பந்துகளைச் சந்தித்ததில்லை. ஐந்து நாள் ஆட்டத்தில் பந்துகளுக்குப் பஞ்சமில்லை, விக்கெட்டுகளுக்குத்தான் பஞ்சம். 2001 மார்ச்சில் கொல்கத்தாவில் ஃபாலோ-ஆன் பெற்ற இந்திய அணிக்காக லக்ஷ்மண் 281 ஓட்டங்களும் திராவிட் 180 ஓட்டங்களும் எடுத்தனர். நான்காம் நாள் முழுவதும் ஆஸ்திரேலியாவுக்கு ஒரு விக்கெட்கூட விழவில்லை. இணைந்து எடுத்த 376 ஓட்டங்களில் எவர் பங்கு எவ்வளவு என்று ஆட்ட அட்டை பிரித்துச் சொல்லிவிடுகிறது. மறுமுனையில் ஒருவர் அசையாமல் நின்றதால் மற்றவர் எவ்வளவு துணிந்து ஆட முடிந்தது என்பதைச் சொல்வதில்லை.

அதே திராவிட் 2008 ஏப்ரல் 18 அன்று சின்னசாமி மைதானத்தில் ஐபிஎல்லின் முதல் ஆட்டத்தில் பெங்களூரு அணிக்குத் தலைமையேற்றார். கொல்கத்தாவின் பிரண்டன் மெக்கல்லம் 73 பந்துகளில் 158 ஓட்டங்கள் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். பெங்களூரு அணி முழுவதும் சேர்ந்து 82 ஓட்டங்களுக்குச் சுருண்டது. டெஸ்ட் அணியைப் போல் கட்டப்பட்டது என்று அப்போது எள்ளி நகையாடப்பட்ட அணி அது. அணியினரின் திறமை ஓரிரவில் குறைந்துவிடவில்லை. ஆட்டத்தின் வளக்கணக்கு தலைகீழானது, அவ்வளவே. 120 பந்துகளுக்குப் பத்து விக்கெட்டுகள் என்னும்போது அரிய வளம் பந்து. பயன்படுத்தாமல் எஞ்சும் விக்கெட்டுகளுக்கு ஆட்ட முடிவில் எந்த விலையும் கிடையாது.

இப்போது அகமதாபாத்துக்குத் திரும்பலாம். கோலியின் 35 பந்துகளை நீக்கினால், உதிரி ஓட்டங்கள் உட்பட மற்றவர்கள் எடுத்தவை 85 பந்துகளில் 147. அதே வேகத்தில் 35 பந்துகளுக்கு ஏறத்தாழ 60 ஓட்டங்கள் வந்திருக்கும். ஆக, 17 ஓட்டங்கள் குறைவு என்பது ஒரு தரப்பின் கணக்கு. வெற்றி இடைவெளியோ 6. கணக்கில் பிழையில்லை, ஆனால் அது முழுமையானதன்று. பெங்களூரு அன்று 9 விக்கெட்டுகளை இழந்தது. பந்து மட்டுமன்று, விக்கெட்டும் ஏறத்தாழத் தீர்ந்துபோன இன்னிங்ஸ் அது. கோலி வேகம் கூட்ட முயன்று நான்காம் ஓவரிலேயே வெளியேறியிருந்தால், பின்வந்தவர்கள் அதே துணிவுடன் ஆடியிருப்பார்களா என்ற வினாவுக்கு ஆட்ட அட்டையில் விடையில்லை. ஒவ்வொரு பந்துக்குப் பின்னும் வெற்றிவாய்ப்பு எவ்வளவு மாறியது என்று மதிப்பிடும் முறைகள் இன்று உள்ளன. அவை இந்த வினாவை நெருங்குகின்றன. ஆயினும் அவையும் 'இதுபோன்ற நிலையில் வழக்கமாக என்ன நடக்கும்' என்ற அனுமானத்தின் மேல்தான் நிற்கின்றன.

அதே ஆட்டத்தில் வேறிரு வீரர்களின் கணக்கு இன்னும் தெளிவானது. குருணால் பாண்டியா 4 ஓவர்களில் 17 ஓட்டங்கள் கொடுத்து 2 விக்கெட்டுகள் எடுத்தார். பஞ்சாப் எஞ்சிய 16 ஓவர்களில் எடுத்தவை 167. அந்த வேகத்தில் அவருடைய நான்கு ஓவர்களும் போயிருந்தால் ஏறத்தாழ 42 ஓட்டங்கள் சென்றிருக்கும். விக்கெட்டுகளை ஒதுக்கிவைத்தாலும் அவர் காத்தவை 25 ஓட்டங்கள். ஆட்டநாயகன் விருது அவருக்குக் கிடைத்தது பொருத்தமே. மறுபுறம் பஞ்சாபின் ஷஷாங்க் சிங் 30 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 61 எடுத்தார். மற்ற 90 பந்துகளில் அவருடைய அணி எடுத்தவை 123. சகவீரர்களின் வேகத்தோடு ஒப்பிட அவர் 20 ஓட்டங்கள் கூடுதலாகத் தந்திருக்கிறார். அணி தோற்றதால் அந்த மதிப்பு இல்லாமற் போகுமா?

அமெரிக்க பேஸ்பால் உலகம் 2012இல் இதே வினாவில் இரண்டுபட்டது. டெட்ராய்ட் அணியின் மிகெல் கப்ரேரா மட்டைவீச்சுச் சராசரி, ஹோம்ரன், அடித்து உள்ளே கொணர்ந்த ஓட்டங்கள் ஆகிய மூன்றிலும் தம் லீகில் முதலிடம் பெற்றார். 1967க்குப் பின் எவரும் எட்டாத சாதனை அது. ஏஞ்சல்ஸ் அணியின் இளைஞர் மைக் டிரவுட்டோ மட்டைவீச்சோடு களத்தடுப்பு, தளங்களுக்கிடையிலான ஓட்டம் என அனைத்தையும் கூட்டி அளக்கும் 'வார்' என்னும் அளவையில் முந்தி நின்றார். மிகுமதிப்பு வீரர் விருது கப்ரேராவுக்கே சென்றது. அவருடைய அணி அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றது என்பது அவருக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. உண்மையில் அப்பருவத்தில் டெட்ராய்ட் வென்றவை 88 ஆட்டங்கள், ஏஞ்சல்ஸ் வென்றவை 89. பிரிவு வேறாக இருந்ததால் குறைவாக வென்ற அணி முன்னேறியது. ஒரு வீரரின் மதிப்பில் அவர் கையில் இல்லாதவற்றை எவ்வளவு தூரம் ஏற்றிவைக்கலாம் என்பதற்கு இது நல்ல எச்சரிக்கை.

'வார்' அளவையிலிருந்து கிரிக்கெட் கற்க வேண்டியது அதன் சூத்திரத்தை அன்று, அது எழுப்பும் கேள்வியை. இந்த வீரர் இல்லையென்றால், எளிதில், குறைந்த ஊதியத்தில் கிடைக்கும் மாற்றுவீரரைக் காட்டிலும் இவரால் எத்தனை வெற்றிகள் கூடின? ஐபிஎல்லில் இக்கேள்விக்கு வலுவான பொருள் உண்டு. ஆடும் பதினொருவரில் வெளிநாட்டவர் நால்வருக்கு மேல் இருக்க இயலாது. ஆகவே ஒரே திறனுடைய இருவரில் ஒருவர் இந்தியர், மற்றவர் வெளிநாட்டவர் என்றால் அணிக்கு அவர்களுடைய மதிப்பு ஒன்றன்று. வெளிநாட்டு வேகப்பந்து வீச்சாளருக்கு உலகெங்கும் மாற்று உண்டு. பந்தும் வீசி மட்டையும் பிடிக்கும் இந்தியருக்கு மாற்று அரிது. பெங்களூரு அணி 2025 பருவத்துக்கு கோலியை 21 கோடி ரூபாய்க்குத் தக்கவைத்தது, குருணாலை 5.75 கோடிக்கு ஏலத்தில் எடுத்தது. இந்த விலைகள் திறமையின் பட்டியல் அல்ல. அன்றைய ஏலத்தில் மாற்று எவ்வளவு அரிதாக இருந்தது என்பதன் பட்டியல்.

மொழியியல் மாணவர்களுக்கு இது புதிய செய்தியன்று. சசூரின் விரிவுரைகள் 1916இல் நூலானபோது, சொல்லின் மதிப்பு அதனுள்ளே இல்லை, அமைப்பிலுள்ள பிற சொற்களோடு அது கொண்டுள்ள வேறுபாட்டில்தான் இருக்கிறது என்ற கருத்து அதில் இடம்பெற்றது. அவர் காட்டிய உவமையும் ஓர் ஆட்டமே: சதுரங்கக் குதிரை கட்டத்துக்கு வெளியே வெறும் மரத்துண்டு.

அணி என்னும் அமைப்பில் ஒருவரின் இருப்பு இன்னொருவருக்கு இடம் திறக்கும் என்பதற்கு மறக்கவொண்ணாத சான்று 2002 ஜூலை 13இல் லார்ட்ஸில் நடந்த நாட்வெஸ்ட் இறுதிப்போட்டி. 326 என்ற இலக்கைத் துரத்திய இந்தியாவை, ஏழாமவராக வந்து ஆட்டமிழக்காமல் 87 ஓட்டங்கள் எடுத்த முகமது கைஃப் கரைசேர்த்தார். அன்று திராவிட் எடுத்தவை 5 ஓட்டங்கள் மட்டுமே. ஆயினும் விக்கெட் காப்பாளராகக் கையுறை அணிந்திருந்தவர் அவர். முழுநேரக் காப்பாளர் ஒருவரைச் சேர்க்க வேண்டியிராததால்தான் ஏழாவது இடத்தில் முழுமையான மட்டையாளர் ஒருவருக்கு இடம் கிடைத்தது. தமக்கு இயல்பில்லாத அந்தப் பணியைத் திராவிட் 73 ஒருநாள் ஆட்டங்களில் சுமந்தார். அதன் பயன் எந்தப் பட்டியலிலும் அவர் பெயரில் வரவு வைக்கப்படவில்லை. கைஃபின் 87இல் அது மறைந்திருக்கிறது.

களத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், சிறிய எல்லைகளோடு இருக்கும் சின்னசாமி மைதானத்தில் 2024 ஏப்ரல் 15 அன்று ஹைதராபாத் 287, பெங்களூரு 262 என ஒரே ஆட்டத்தில் 549 ஓட்டங்கள் குவிந்தன. சேப்பாக்கத்தின் மெதுவான ஆடுகளத்தில் எடுத்த 40 ஓட்டங்களை, அன்று இங்கே எடுத்த 40 ஓட்டங்களோடு ஒரே தட்டில் வைப்பவர், இரண்டு ஊர் மரக்காலையும் ஒன்றெனக் கொள்பவர்.

எண்களால் ஆட்டத்தின் அழகு கெடுகிறது என்ற மறுப்பு அடிக்கடி எழுகிறது. ஆனால் அப்படிச் சொல்பவர்களும் சராசரி 50 என்றால் தலைவணங்கத் தயங்குவதில்லை. எண்ணை மறுப்பதாகச் சொல்வோர் பெரும்பாலும் புதிய எண்ணை மறுத்துப் பழைய எண்ணைப் பிடித்திருப்பவர்களே. இன்னொரு மறுப்பு வலுவானது: தேர்வாளர் இறுதியில் ஒருவரைச் சேர்க்கவோ நீக்கவோ வேண்டும், ஏலத்தில் ஒரே விலையைத்தான் சொல்ல முடியும், எனவே ஒற்றை எண் தவிர்க்க முடியாதது என்பது. இது உண்மை. ஆனால் முடிவு ஒன்றாக இருப்பதால் அளவையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டுக்கு ஒருவரை வாங்குவதற்கான அளவை வேறு, கடந்த ஆண்டுக்கு விருது வழங்குவதற்கான அளவை வேறு. முன்னதில் அதிர்ஷ்டத்தைக் கழித்துத் திறனைத் தேட வேண்டும், பின்னதில் நடந்ததை நடந்தபடி கணக்கிட வேண்டும். கோலி குறித்த சண்டையில் ஒரு தரப்பு முதல் வினாவுக்கும் மறுதரப்பு இரண்டாம் வினாவுக்கும் விடை சொல்லிக்கொண்டிருப்பதாலேயே அது முடிவதில்லை.

கல்விப்புலத்தார் இதைக் கேளிக்கை விவாதம் என்று ஒதுக்க இயலாது. பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் கொண்டுவந்த ஏபிஐ மதிப்பெண்ணும், இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த எச்-குறியீடும் ஆய்வாளர்களுக்கான ஆட்ட அட்டைகளே. அவையும் ஆளுக்கு ஆள் வரவு எழுதுகின்றன. துறையில் எவரும் விரும்பாத முதலாண்டுப் பாடத்தை ஆண்டுதோறும் ஏற்று நடத்துபவர், பிறர் மாணவரின் வரைவைத் திருத்திக் கொடுப்பவர், களப்பணித் தரவைப் பொதுவில் வைப்பவர் ஆகியோர் கையுறை அணிந்த திராவிட்கள். அவர்கள் திறந்துவிட்ட இடத்தில் நின்று இன்னொருவர் 87 எடுக்கிறார். பணி நியமனக் குழுவின் முன் வரும்போது அவர்களுடைய கணக்கில் தெரிவது 5 மட்டுமே.

அளக்காமல் இருக்க முடியாது. அளவையின் பெயரைச் சொல்லிவிட்டு அளக்க முடியும். கோயில் கணக்கர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டிவைத்த அந்தச் சிறு நேர்மை, ஏலக்கூடத்துக்கும் நேர்காணல் அறைக்கும் இன்னும் வந்துசேரவில்லை.