காசு கொடுத்த பிறகு புத்தகம் யாருடையது?

அச்சுப் புத்தகமா, மின்னூலா என்று பட்டிமன்றம் வைத்தால், முதலில் மைக்கைப் பிடிப்பவர் புத்தக வாசனையைப் பற்றி உருகுவார். அடுத்தவர் எழுந்து, ஒரு கிண்டிலுக்குள் ஆயிரம் புத்தகம் அடங்கும் என்பார். இருவருக்கும் கைதட்டல் கிடைக்கும். இரண்டும் இரு கண்கள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நடுவர் கிளம்பிவிடுவார். கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். காசு கொடுத்த பிறகு அந்தப் புத்தகம் யாருடையது?

விற்பனை என்றால் என்ன என்று பி.காம் மாணவர் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். 1930ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் இலக்கணமே வகுத்திருக்கிறது. விலைக்கு ஈடாகச் சரக்கின் மீதான சொத்துரிமை விற்றவரிடமிருந்து வாங்கியவருக்கு மாற வேண்டும். பொருள் கைக்கு வந்து உரிமை மாறாவிட்டால் அது வாடகையாக இருக்கலாம், இரவலாக இருக்கலாம். விற்பனை மட்டும் கிடையாது.

இப்போது கிண்டில் கடையைத் திறந்து பாருங்கள். புத்தகத்தின் பக்கத்தில் 'வாங்கு' என்று பளிச்சென்று ஒரு பொத்தான். யாருமே படிக்காத விதிமுறைகளிலோ வேறு கதை. அங்கே மின்னூல் விற்கப்படுவதில்லை, படிக்க உரிமம் மட்டுமே தரப்படுகிறது. அதை இன்னொருவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. கொட்டை எழுத்தில் விற்பனை, பொடி எழுத்தில் லைசென்ஸ்!

"அதெல்லாம் ஏட்டுச் சட்டம். யார் வந்து பிடுங்கப் போகிறார்கள்?" என்று கேட்கலாம். பிடுங்கியிருக்கிறார்கள்.

2009 ஜூலையில் அமெரிக்காவில், ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' இரண்டையும் காசு கொடுத்து வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அமேசான் அழித்தது. அதைக் கடையில் ஏற்றிய நிறுவனத்துக்கு அங்கே விற்கும் உரிமை இல்லையாம். பணம் திரும்பக் கொடுக்கப்பட்டது, உண்மைதான். ஆனால் மிச்சிகனில் ஒரு பள்ளி மாணவர் பாடத்துக்காக எழுதி வைத்திருந்த குறிப்புகள் புத்தகம் இல்லாமல் வீணாயின. அவர் வழக்குப் போட்டார், அது சமரசத்தில் முடிந்தது. ஜெஃப் பெசோஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஒரு கடைக்காரர் தவறான பதிப்பை விற்றுவிட்டால், ராத்திரி வீடு புகுந்து அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு, மேஜை மேல் காசை வைத்துவிட்டுப் போவாரா? போனால் ஊர் சும்மா விடுமா?

மைக்ரோசாஃப்ட் 2019 ஏப்ரலில் மின்னூல் கடையை மூடியது. ஜூலையில் விற்ற புத்தகங்களும் காணாமல் போயின. பணம் முழுதாகத் திரும்பி வந்தது. ஓரத்தில் குறிப்பு எழுதியவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர்! ஒரு வாசகர் வரிவரியாகப் படித்து எழுதியதற்கு அதுதான் விலை. அமேசானில் வாங்கியதைக் கணினியில் இறக்கி, யூஎஸ்பி வழியாகக் கருவியில் ஏற்றும் வசதி ஒன்று இருந்தது. அதுவும் 2025 பிப்ரவரி 26ஆம் தேதியோடு நின்றது.

இந்தத் தந்திரம் ஒன்றும் புதிதல்ல. அமெரிக்காவில் பாப்ஸ்-மெர்ரில் என்ற பதிப்பகம், ஒரு நாவலை ஒரு டாலருக்குக் குறைத்து விற்றால் பதிப்புரிமை மீறல் என்று புத்தகத்திலேயே அச்சடித்தது. மேசிஸ் கடை 89 சென்ட்டுக்கு விற்றது. 1908ல் உச்ச நீதிமன்றம் கடையின் பக்கம் நின்றது. ஒருமுறை விற்றாயிற்றா? அதன் பிறகு அந்தப் பிரதி மேல் பதிப்பகத்துக்குக் கட்டுப்பாடு கிடையாது. பழைய புத்தகக் கடைகள் தழைப்பது இந்தக் கொள்கையில்தான். அன்று புத்தகத்தில் அச்சடித்துத் தோற்றதை, இன்று விதிமுறையில் எழுதி ஜெயித்துவிட்டார்கள். ஐரோப்பாவில் டாம் கேபினெட் என்ற இணையதளம் பழைய மின்னூல்களை மறுவிற்பனை செய்யப் பார்த்தது. உரிமையாளரின் அனுமதி இல்லாமல் முடியாது என்று 2019 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதில் நஷ்டம் யாருக்கு? சீனியரிடம் பாதி விலைக்குப் பாடப்புத்தகம் வாங்கிப் படிக்கும் ஜூனியருக்கு. தாத்தாவின் அலமாரியில் கை வைக்கும் பேரனுக்கு. ஏன், மொழிக்கே நஷ்டம். கோட்டையூர் ரோஜா முத்தையா பெரிய பணக்காரர் இல்லை. விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்துகொண்டே தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் தேடித் தேடிச் சேர்த்தவர். அவர் 1992ல் காலமானார். அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்க, 1994ல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் உருவானது. அவர் சேர்த்தது அத்தனையும் கைமாற்ற முடியாத உரிமங்களாக இருந்திருந்தால்? கணக்கு அவரோடு முடிந்திருக்கும். விற்கவும் ஒன்றுமில்லை, வாங்கவும் ஒன்றுமில்லை.

மின்வாசிப்புக் கருவியைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. கண் மங்கிய பெரியவர் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறார் என்றால் அது வரம்தான். மதுரைத் திட்டம் 1998லிருந்து தமிழ் நூல்களை இலவசமாக, பூட்டுப் போடாமல் தருகிறது. இறக்கிக்கொண்ட கோப்பை யாரும் திரும்பப் பிடுங்க முடியாது. ஆக, குற்றவாளி திரை அல்ல, பூட்டு.

பூட்டு இல்லாவிட்டால் திருட்டுப் பிரதி பெருகும் என்பார்கள். டோர் பதிப்பகம் 2012ல் பூட்டை எடுத்தது. அதனால் திருட்டு கூடியதாகத் தெரியவில்லை என்று ஒரு வருடம் கழித்து அதன் பிரிட்டன் கிளையே சொன்னது. பூட்டு திருடனைத் தடுப்பதில்லை. காசு கொடுத்தவரைத்தான் கட்டிப்போடுகிறது.

கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. உரிமம் மட்டும் தருவதாக இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், சொல்லாமல் 'வாங்கு' என்று போடக் கூடாது. நல்ல ஆரம்பம். ஆனால் பொய்யைப் பொய் என்று ஒப்புக்கொண்டால் மட்டும் வாங்கியவர் கைக்குப் பொருள் வந்துவிடாது.

கணக்கு எளிது. சொந்தமான பொருள் இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கம் போகும். வாடகை செலவுக் கணக்கில் போகும். ஒன்றுக்கு விலை வாங்கிக்கொண்டு இன்னொன்றைக் கொடுத்தால் அதற்கு வியாபாரம் என்று பெயரில்லை. விற்பதென்றால் பூட்டில்லாமல் விற்கட்டும். வாங்கியவர் பிறருக்குக் கொடுக்கட்டும், பிள்ளைக்கு விட்டுப் போகட்டும். மனமில்லையா? பொத்தானில் 'வாடகை' என்று எழுதிவிட்டு, விலையையும் வாடகைக் கணக்கில் போடட்டும்.

அடுத்த முறை அந்தப் பொத்தானை அழுத்தும் முன் இதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.