தோப்பூரில் ஒரு மொறிஸ் மைனர்

பழைய கார் ஒன்றைப் புதுப்பிக்கத் தொடங்குபவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது ஸ்பனரையா, பேனாவையா என்று என்னைக் கேட்டால் பேனாவை என்றே சொல்வேன். நாற்பது ஆண்டுகள் பேனாவால் பிழைத்தவன் வேறென்ன சொல்வான் என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் சென்ற மாதம் தோப்பூரில் என் நண்பர் வீட்டு முற்றத்தில் இரண்டு நாட்கள் நடந்த வழக்கைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

தோப்பூர் கொட்டியாரக் குடாவின் தென்புறத்து ஊர். திருகோணமலைக்கு எதிர்க்கரையில் மூதூர். மூதூரைத் தாண்டினால் வயல்களுக்கு நடுவே தோப்பூர். லோஞ்சில் குடாவைக் கடந்து மூதூர் இறங்குதுறையில் கால் வைப்பதே எங்கள் தலைமுறைக்குப் பழகிய வழி. தரைவழியே வாகனத்தைக் கொண்டுவர வேண்டுமானால் கிண்ணியாவில் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாகப் படகுப் பாதைகளில் ஏற்றி இறக்க வேண்டும். கிண்ணியாப் பாலம் 2009 இலும், அதற்கப்பால் உள்ள ஆறுகளின் பாலங்கள் 2011 இலும் திறக்கப்பட்ட பின்னரே அந்த அலைச்சல் தீர்ந்தது. அலைச்சல் மிகுந்த அந்தக் காலத்தில், இறங்குதுறைக்கும் தோப்பூருக்கும் இடையே வாடகைக் கார் ஓட்டியவர் என் நண்பரின் வாப்பா. கார், 1959 ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர். கலியாண மாப்பிள்ளைகளும் பிரசவ வலி கண்ட பெண்களும் நெல் மூடைகளும் அதில் பயணம் செய்திருக்கிறார்கள். நெல் மூடைகள் 'செய்திருக்கின்றன' என்று திருத்துவீர்கள். அந்தக் காரில் அவற்றுக்கும் பயணிகளுக்கும் பெரிய வேறுபாடு இருந்ததில்லை.

இப்போது அதைப் புதுப்பிக்கப் பணம் அனுப்புபவர் ரொறன்ரோவில் இருக்கும் மூத்த மகன். அங்கே அவருடைய அயலவர் ஒருவர் 'மசில் கார்' எனப்படும் அமெரிக்கக் கார் ஒன்றைத் தன் கராஜில் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறாராம். 1964 இல் பொன்ரியாக் நிறுவனம் தன் நடுத்தரக் காருக்குள் 6.4 லீற்றர் கொள்ளளவுள்ள எட்டுச் சிலிண்டர் எஞ்சினைத் திணித்து 'ஜி.ரி.ஓ.' என்று பெயரிட்டு விற்றதிலிருந்து பெருகிய இனம் அது. குதிரை வலு முந்நூற்றுக்கு மேல். நமது மைனரின் 948 சி.சி. எஞ்சினுக்கு வலு 37. குதிரைகளின் கணக்கு கிடக்கட்டும். அந்தக் கார்களைப் புதுப்பிப்போரிடையே ஒரு சமயக் கோட்பாடு போன்ற விதி உண்டு: எஞ்சின் இலக்கமும் சட்ட இலக்கமும் பொருந்த வேண்டும், நிறம் முதல் ஆணி வரை தொழிற்சாலை வாசலைத் தாண்டிய நாளில் இருந்தபடியே இருக்க வேண்டும். விலையை நிர்ணயிப்பதும் அதுவே. மகனின் கட்டளையும் அதுதான். "வாப்பா, ஃபக்டரியால வந்த மாதிரி இருக்கணும்."

டிங்கர் பாஸுக்கு இதில் மகிழ்ச்சி. எல்லாவற்றையும் கழற்றி, தகடு தெரியச் சுரண்டி, பட்டி தடவிப் பெயின்ற் அடித்தால் வேலை சுத்தம். என் நண்பர் மட்டும் வாய் திறக்காமல் இருந்தார். அவருக்குள் ஒரு மறுப்பு இருப்பது தெரிந்தது. அதற்குச் சொல் அகப்படவில்லை.

தொழிற்சாலை நாளுக்குத் திருப்புவது என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார்த்தேன். கார் பழையதானதும் கொட்டகையில் தள்ளிவிட்டுப் புதியதை வாங்கும் நாட்டில், முப்பது ஆண்டுகள் கழித்து அதைத் தூசி தட்டி எடுக்கும்போது, அந்த முதல் நாள் ஒன்றே அதன் வரலாறாக மிஞ்சுகிறது. நம் நாட்டின் கதை வேறு. 1960களிலும் 70களிலும் இறக்குமதிக் கட்டுப்பாடு; இருந்த காரை ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. 1977 க்குப் பின் கதவு திறந்தது. மீண்டும் 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி விடப்பட்டது. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் இலங்கைத் தெருக்களில் நிலைத்ததைப் பழைமைப் பற்று என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அப்படி எழுத மாட்டேன். இல்லாமை அவற்றைக் காப்பாற்றியது. ஒவ்வோர் ஊரிலும் ஒரு பாஸ், கிடைத்த தகட்டையும் கிடைத்த ஆணியையும் கொண்டு அவற்றைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். அந்தக் கைகளின் வேலை முழுவதையும் சுரண்டி எறிந்துவிட்டு 1959 க்குப் போவதா?

இதில் வேடிக்கை ஒன்றும் உண்டு. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948 இல் வெளிவந்த இந்தக் காரின் மாதிரி, உற்பத்திக்குச் செல்லும் தறுவாயில் அவருக்கு ஒடுக்கமாகத் தெரிந்தது. மாதிரிக் காரை நெடுக இரண்டாக வெட்டி, நான்கு அங்குலம் விலக்கி வைத்துப் பார்த்து, அந்த அகலத்தையே முடிவு செய்தார். பொனற்றின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அதன் அடையாளம். ஆக, நாம் புனிதம் என்று கருதும் அந்த மூல வடிவமே ஒரு டிங்கர் வேலைதான்! பாஸிடம் இதைச் சொன்னேன். அன்று முழுவதும் அவர் பொனற்றைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் உணர்ச்சிக்கு இடம் கொடுக்கக்கூடாத இடங்களும் உள்ளன. மைனருக்கு லொறிபோல் தனிச் சட்டம் கிடையாது, உடலே சட்டம். கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடுகளும் தரைத் தகடும் குறுக்குத் தாங்கியும் உக்கிப்போனால், மேலே எத்தனை மினுக்கினாலும் கார் நடுவில் வளைந்துவிடும். கடற்காற்று வீசும் ஊரில் இதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஆகவே முதல் நாள் வேலை இதுதான்: விரிப்புகளை அகற்றித் தரைத் தகட்டை ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். ஒரு காந்தத்தைத் தகட்டின்மேல் நகர்த்துங்கள். எங்கே ஒட்டவில்லையோ அங்கே பட்டி. கதவுகள் ஒழுங்காகச் சாத்துப்படுகின்றனவா என்று பாருங்கள். பெட்டித் தகட்டை வெட்டுவதற்கு முன் கதவு வாயில்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து ஒட்டி உடலை இறுக்கிக்கொள்ளாவிட்டால், பின்னர் அந்தக் கதவுகள் ஒருபோதும் பொருந்தா. முன் சக்கரங்களைத் தாங்கும் திருகு மூட்டுகளையும் விட்டுவிடக்கூடாது. கிறீஸ் காணாமல் புரி தேய்ந்தால், ஒரு நாள் ஓடும்போதே சக்கரம் மடிந்து விழும். இவற்றிலும் பிரேக்கிலும் வயரிங்கிலும் 'வாப்பா காலத்துச் சாமான்' என்ற பேச்சுக்கு இடமில்லை. மகன் விரும்புவது போல் எல்லாம் புதிதாகட்டும்.

மற்றவற்றுக்குத்தான் பேனா வேண்டும் என்கிறேன். கழற்றுமுன் படம் எடுங்கள். எது எங்கே இருந்தது, யார் செய்த மாற்றம், எந்தக் காலத்தில், எதற்காக என்று எழுதுங்கள். பெயின்றை ஓர் ஓரத்தில் உப்புத்தாளால் நனைத்துத் தேய்த்தோம். கறுப்பு, அதற்குள் கபிலம், அதற்குள் இளம்பச்சை என்று மரத்தின் வளையங்கள் போலத் தெரிந்தன. கபிலம் எந்த ஆண்டு என்று நண்பருக்குத் தெரிந்திருந்தது: அவருடைய தங்கையின் கலியாணம்.

இலக்கத் தகட்டையும் பாருங்கள். 1958 ஜனவரியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் சிங்கள ஸ்ரீ வந்தது. தமிழரசுக் கட்சி எதிர்ப்பு இயக்கம் நடத்தியது. தமிழ்ப் பகுதிகளில் அந்த எழுத்தை அழித்துத் தமிழில் ஸ்ரீ எழுதினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசினார்கள். ஏப்ரலில் பண்டா–செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதம் கலவரம். அதற்கு அடுத்த ஆண்டு பதிவான கார் இது. ஸ்ரீ இலக்கம் இன்று பழைய கார் பிரியர்களுக்கு ஒரு பெருமைச் சின்னம். ஓர் எழுத்துக்காக எத்தனை வீடுகள் எரிந்தன என்பது அந்தப் பெருமையில் எங்கும் எழுதப்படுவதில்லை. தகட்டைக் கையெழுத்திலேயே மீண்டும் எழுத வேண்டும் என்றேன். பளபளக்கும் ஒட்டுத்தாள் வேண்டாம்.

யாழ்ப்பாணத்துக் கார்களை நினைத்துப் பார்க்கிறேன். 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காத பொருளானது. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ 40 உம் மண்ணெண்ணெயில் ஓடின. எஞ்சினின் அமுக்க விகிதம் குறைவு என்பதால் அந்த மட்ட எரிபொருளை அவை பொறுத்துக்கொண்டன. புதிய ஜப்பானிய எஞ்சின்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. சில துளி பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். எரியாத எண்ணெய் கீழே வழிந்து எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். அடிக்கடி ஒயில் மாற்றாவிட்டால் பெயரிங் போய்விடும். அந்தக் கார் ஒன்றைத் 'தொழிற்சாலை நாளுக்கு' மீட்பவர் முதலில் கழற்றி எறிவது, பெற்றோலுக்காக வைத்த சிறு போத்தலையும் குழாயையும்தான். முற்றுகைக்குள் ஒரு சமூகம் எப்படி நடமாடியது என்பதற்கு அதைவிட நல்ல சான்று என்ன இருக்கிறது?

இனி, நான் தள்ளிப்போட்டு வந்த விடயத்துக்கு வருகிறேன். மைனரின் இடப்பக்கப் பின் மட்காட்டில் மூன்று துளைகள் உள்ளன. 2006 ஆகஸ்டில், மாவிலாற்றுப் பிரச்சினையைத் தொடர்ந்து மூதூர்ப் பகுதியில் போர் மூண்டபோது, அங்கிருந்த மக்கள் பல்லாயிரம் பேர் கந்தளாய்ப் பக்கம் ஓடினார்கள். நண்பரின் குடும்பமும் போயிற்று. பற்றறி இறந்திருந்த கார் கொட்டகையிலேயே நின்றது. சில வாரங்களின் பின் திரும்பியபோது அதில் இந்தத் துளைகள் இருந்தன. யாருடைய எறிகணை என்று அவர்கள் ஆராயவில்லை. அதன் பிறகு அந்தக் கார் ஓடவில்லை.

துளைகளை அப்படியே விட வேண்டும் என்று நான் வாதாடினேன். பத்திரிகைக்காரனின் வாதம், சான்று, ஆவணம், வரலாறு என்று அடுக்கினேன். தேநீர் கொண்டுவந்த நண்பரின் மனைவி நின்று கேட்டார். பிறகு சொன்னார்: "அண்ணன், நீங்க எழுதிப்போட்டுப் போயிருவீங்க. நான் இதுல ஏறிப் பேரப்பிள்ளைய மடியில வெச்சிருக்கணும். அந்த ஓட்டையைப் பாத்துப் பாத்து எனக்கு ஏலாது."

என்னிடம் பதில் இல்லை. நினைவைப் பேண வேண்டும் என்று நாம் எழுதுகிறோம். அதைக் காவிக்கொண்டு திரிய வேண்டியவர் யார் என்று கேட்பதில்லை. காயத்தை ஊர்வலமாகக் கொண்டுசெல்லும் பொறுப்பை அவருக்குக் கொடுக்க நான் யார்? ஆயினும், பட்டி தடவி மூடுவதும் எனக்கு ஒப்பவில்லை. நடக்காதது போல் பூசி மெழுகும் வேலையை நாட்டில் போதுமான பேர் செய்கிறார்கள்.

வழியைக் காட்டியவர் பாஸ்தான். மைனரின் மட்காட் உடலோடு ஒட்டப்பட்டதல்ல; போல்ட் போட்டுப் பூட்டியது. கழற்றி எடுத்துவிட்டு வேறொன்றைப் பூட்டலாம். அந்த வேறொன்றுக்கு இங்கிலாந்துக்கு எழுத வேண்டிய அவசியமும் இல்லாத காலம் இருந்தது. பாத் நகரில் மைனர்களைப் புதுப்பித்து வந்த சார்ள்ஸ் வெயார் என்பவர், 1990களின் தொடக்கத்தில் காலியில் ஓர் இலங்கைப் பங்காளியுடன் சேர்ந்து, மைனருக்கான தகடுகளையும் உதிரிப்பாகங்களையும் செய்யும் தொழிலகம் ஒன்றை நிறுவினார். இங்கே அடித்த தகடு இங்கிலாந்துக்குப் போனது. காரைப் புதிது புதிதாக மாற்றுவதைவிட, உள்ளதையே பாகம் பாகமாக மாற்றி நெடுங்காலம் ஓட்டுவது மேல் என்பது அவருடைய கொள்கை. நம் பாஸ்மார் அதைக் கொள்கை என்று அறியாமலே செய்து வந்தவர்கள்.

மாலையில் மகனிடம் தொலைபேசியில் பேசினோம். தரைத் தகடு, பிரேக், வயரிங் எல்லாம் புதிது, இருக்கை, கைபிடிகள், தகட்டெழுத்து பழையபடி, புதிய மட்காட். பழையது பரணில். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். "நிறம் மட்டும் நான் சொல்றது," என்றார். கபிலம் வேண்டும் என்கிறார். அந்தக் கலியாணத்தில் அவருக்கு ஐந்து வயதாம். தொழிற்சாலை நாளை அவரே மறந்துவிட்டார்.

மறுநாள் காலை மட்காட்டைக் கழற்றினோம். இரவு முழுவதும் டீசல் ஊற்றி ஊறவைத்தும் இரண்டு போல்ட்டுகள் அறுந்தே வந்தன. பாஸ் அவற்றைப் பால்மா டின் ஒன்றில் போட்டுவிட்டு, நான் விரித்து வைத்திருந்த பயிற்சிப் புத்தகத்தைப் பார்த்தார்.

"இதையும் எழுதணுமா சேர்?"

எழுதச் சொன்னேன். மட்காட்டைச் சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றும்போது நண்பரின் மனைவி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.