பொம்மைத் துப்பாக்கியும் பெரிய மனிதர்களும்

பையன் கையில் ஒரு பொம்மைத் துப்பாக்கியைக் கண்டுவிட்டால் உலகமே கெட்டுப் போயிற்று என்று ஓலமிடுகிற பெரிய மனிதர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்களுடைய நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. அவர்களுடைய கண்ணைத்தான் சந்தேகிக்கிறேன். துப்பாக்கி அவர்களுக்குத் தெரிகிறது. அதை ஏந்தி விளையாடுகிறவனுக்கு அந்த விளையாட்டு என்ன விதி போட்டிருக்கிறது என்பது தெரிவதில்லை.

1993 டிசம்பரில் அமெரிக்க செனட்டில் வீடியோ விளையாட்டுகளைப் பற்றி ஒரு விசாரணை நடந்தது. ‘லீதல் என்ஃபோர்சர்ஸ்’ என்பது கோனாமி கம்பெனியின் விளையாட்டு. முதலில் காசு போட்டு ஆடும் ஆர்கேட் கூடங்களில் இருந்து, பிறகு வீட்டுக்கு வந்தது. அதற்கென்று விற்ற பிளாஸ்டிக் துப்பாக்கியை செனட்டர் ஜோசப் லீபர்மன் சபையில் தூக்கிக் காட்டினார். அடுத்த ஆண்டே அந்தத் தொழிலைச் சேர்ந்தவர்கள், எந்த வயதினருக்கு எந்த விளையாட்டு என்று முத்திரை குத்த ஓர் அமைப்பை ஏற்படுத்திக்கொண்டார்கள். நல்ல காரியம். வயது பார்த்து விற்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் தூக்கிக் காட்டிய பொருளோடு விசாரணை முடிந்துவிட்டது என்று நினைக்கிற பழக்கம் அன்று பிடித்தது, இன்றுவரை விடவில்லை. அட்டைப் படத்தைப் பார்த்து நாவலுக்கு மதிப்புரை எழுதுகிறவர்களிடம் நிறைய அடி வாங்கியவன் நான். இந்த ஜாதி விமரிசகர்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

அவர்களுக்கு ஒரு விளையாட்டை உதாரணமாகச் சொல்கிறேன். ‘வெர்ச்சுவா காப்’. ஜப்பானின் சேகா கம்பெனியில் யூ சுஸுகியின் குழு 1994இல் ஆர்கேட் கூடங்களுக்காகச் செய்தது. 1995இல் ‘சாட்டர்ன்’ என்ற வீட்டுக் கன்சோலுக்கு வந்தது. நீங்கள் போலீஸ்காரர். கையில் ஆறு குண்டுத் துப்பாக்கி. குண்டு தீர்ந்தால் திரைக்கு வெளியே குறி வைத்து விசையை இழுக்க வேண்டும். மறுபடி நிரம்பிவிடும். எதிரி தோன்றியதும் அவனைச் சுற்றி ஒரு வளையம் வரும். பச்சையாக இருந்து சிவப்பாக மாறும். சிவந்துவிட்டால் அவன் சுட்டுவிடுவான். நடுவில் அப்பாவி ஜனங்களும் ஓடி வருவார்கள். அவர்களைச் சுட்டால் உங்கள் உயிர்களில் ஒன்று போகும்.

இதுவரை எல்லாத் துப்பாக்கி விளையாட்டிலும் உள்ள சங்கதிதான். இதற்கு மேல் ஒரு விதி இருக்கிறது. எதிரியின் உடம்பைச் சுடாமல், துப்பாக்கி பிடித்த கையைச் சுட்டால், அவன் ஆயுதத்தைப் போட்டுவிடுகிறான். அதற்கு ‘ஜஸ்டிஸ் ஷாட்’, அதாவது நீதிக் குண்டு என்று பெயர். அதற்கு மதிப்பெண் அதிகம். கொல்லாமல் நிறுத்துகிறவனே கெட்டிக்காரன் என்று அந்த இயந்திரம் சொல்லுகிறது. செனட்டில் தூக்கிக் காட்டக்கூடிய விஷயமல்ல இது. ஆடிப் பார்த்தால்தான் தெரியும்.

ஆனால், ஆர்கேட் கூடத்தில் இந்த நீதி யாருக்குக் கட்டுப்படியாகும்? அங்கே காசு போட்டவன் சீக்கிரம் சாக வேண்டும், அடுத்த காசு விழ வேண்டும். வளையம் சிவந்துகொண்டே வருகிறது. பின்னால் இன்னொருவன் காசோடு நிற்கிறான். அந்த நெருக்கடியில் கையாவது, காலாவது? நெஞ்சைப் பார்த்துச் சுட்டுவிட்டு அடுத்தவனைப் பார்க்கத்தான் தோன்றும். கருணை என்பது அங்கே பணக்காரனின் பொழுதுபோக்கு.

வீட்டுப் பதிப்பு செய்த காரியம் இதுதான்: அவகாசம் கொடுத்தது. சாட்டர்னில் படம் மங்கல், ஆர்கேட் இயந்திரத்தின் நேர்த்தி இல்லை என்று அன்று குறை சொன்னவர்கள் உண்டு. இருக்கட்டும். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் அந்தப் பெட்டியையும் பழைய பிக்சர் டியூப் டி.வி.யையும் பத்திரமாக வைத்திருக்கிறார். அவர் வீட்டில் இரண்டு நாள் ஆடினேன். எதிரிகள் ஒவ்வொரு முறையும் அதே மறைவிலிருந்துதான் வருகிறார்கள். முதல் நாள் கண்டபடி சுட்டேன். மறுநாள், யார் எங்கிருந்து வருவான் என்று தெரிந்ததும், சுடுவதற்கு முன் பார்க்க நேரம் கிடைத்தது. பார்த்ததும் கை தென்பட்டது. காசு கேட்காத இயந்திரத்தின் முன்னால்தான் கொல்லாமல் ஜெயிப்பது எனக்குச் சாத்தியமாயிற்று.

“மனிதனைக் குறி பார்ப்பது குறி பார்ப்பதுதானே?” என்று கேட்பார்கள். உண்மை. தலைவர்களாக வருகிறவர்களை வீழ்த்தாமல் அந்த விளையாட்டு முடியாது. அதை மகாத்மாவின் பள்ளிக்கூடம் என்று நான் சொல்லவில்லை. “வெறும் விளையாட்டுத்தானே, இதற்கு ஏன் இத்தனை தர்க்கம்?” என்கிற மறுகட்சிக்காரர்களோடும் எனக்கு உறவில்லை. விளையாட்டின் விதி என்பது ஒரு போதனை. எதற்கு மதிப்பெண் கொடுக்கிறோமோ அதைத்தான் கற்றுக்கொடுக்கிறோம். ஆகவேதான் கேட்கிறேன்: தடை செய், எரி என்று கூச்சலிடுவதற்கு முன், இந்த விளையாட்டு எதற்கு மதிப்பெண் கொடுக்கிறது என்று ஒரு முறையாவது பார்த்தீர்களா?

இனிமேல் பார்ப்பதும் சுலபமல்ல. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் வெளுக்கும். பிக்சர் டியூபில் ஒளிக்கற்றை வரி வரியாக ஓடி, ஒரு விநாடிக்கு அறுபது தடவை படத்தை வரையும். அது குறி வைத்த இடத்தைக் கடக்கும் கணத்தைத் துப்பாக்கி முனையிலுள்ள ஒளியுணரி பிடித்துக்கொள்ளும். அந்தக் கணக்கிலிருந்துதான் குண்டு எங்கே பட்டது என்று கன்சோல் அறிகிறது. இன்றைய தட்டை டி.வி.யில் அந்தக் கற்றையே கிடையாது. பழைய துப்பாக்கி அதன் முன்னால் குருடு. பழைய டி.வி.க்களோ காயலான் கடைக்குப் போய்விட்டன. கம்ப்யூட்டரில் மவுஸை வைத்து ஆடும் பதிப்பு ஒன்று உண்டு. ஆனால் கையை நீட்டிக் குறி பார்த்து, நெஞ்சை விட்டுக் கையைத் தேடுகிற அந்தத் தயக்கம் மவுஸில் வருமா?

விளையாட்டு போய்விடும், பிளாஸ்டிக் துப்பாக்கியின் புகைப்படம் மட்டும் மிஞ்சும். பெரிய மனிதர்களுக்கு அது போதும். தீர்ப்பு எழுத அவர்களுக்கு எப்போதுமே அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை. பழைய டி.வி.யைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறவர்களை எல்லோரும் பைத்தியம் என்கிறார்கள். நான் அவர்களைச் சாட்சிகள் என்கிறேன். சாட்சியை விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.